நோயாளி நுழையாத கட்டடத்துக்கும் நோய்த்தடுப்பு: ஆம்புலன்ஸ் நிலையம் பற்றி வாசகர் கேள்விகள்

ஆம்புலன்ஸ் பணியாளர்கள் வேலைக்கு வந்து சேரும், ஓய்வெடுக்கும், வண்டியைத் தயார்செய்யும் நிலையக் கட்டடத்தை எரிசக்தியை வீணாக்காததாகவும் அடுத்த பெருந்தொற்றைத் தாங்கக்கூடியதாகவும் எப்படி வடிவமைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நிலையத்துக்கு நோயாளிகள் யாரும் வருவதில்லை. வண்டி நிறுத்தவும் ஆட்கள் உட்காரவும் மட்டுமே அது பயன்படுகிறது. மருத்துவமனைக்குச் செய்வதைப்போல இதற்கும் பெருந்தொற்றுத் தயாரிப்பு என்று செலவிடத்தான் வேண்டுமா? (ஓர் ஆம்புலன்ஸ் சேவையின் நிர்வாக அலுவலர்)

பதில்: நோயாளி வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நோயாளியோடு மூடிய வண்டிக்குள் இருந்துவிட்டு வருபவர்களும், அவர்களுடைய உடையும், அவர்கள் தூக்கிய ஸ்ட்ரெச்சரும் அங்கேதான் வந்து சேர்கின்றன. அதைவிடக் கவலைக்குரியது பணியாளரிடமிருந்து பணியாளருக்குப் பரவும் தொற்று. கொரோனா காலத்தில் நோயாளியின் அருகே முகக்கவசமும் முழுக் கவச உடையும் அணிந்து பாதுகாப்பாக இருந்தவர்கள், நிலையத்துக்குத் திரும்பியதும் அவற்றைக் கழற்றிவிட்டுச் சன்னல் திறக்காத சிறிய அறையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. முகக்கவசத்தோடு சாப்பிட முடியாது என்பதால் அதை அவர்களுடைய அலட்சியம் என்று சொல்ல இயலாது. அறையின் குறை என்றுதான் சொல்ல வேண்டும். காற்றோட்டம் குறைந்த, நெரிசலான உள்ளறைகளில் மூச்சுக்காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாக இத்தொற்று பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் 2021-ஆம் ஆண்டில் தன் விளக்கங்களில் வெளிப்படையாகச் சேர்த்தது.

சிறிய நிலையத்தில் ஒரு ஷிஃப்டில் இருக்கும் நாலைந்து பேரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால், வண்டி நல்ல நிலையில் இருந்தும் ஓட்ட ஆளில்லாமல் நிற்கும். பேரிடரிலும் இயங்கியே தீர வேண்டிய கட்டடம் என்ற எண்ணம் பொறியியலுக்குப் புதிதன்று. நிலநடுக்கத்தையும் புயலையும் கணக்கில் கொள்ளும் அமெரிக்கக் கட்டட விதிகள், தீயணைப்பு நிலையத்தையும் ஆம்புலன்ஸ் நிலையத்தையும் அவற்றின் வண்டிக் கொட்டகைகளையும், அவசரச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளோடு சேர்த்து நான்காம் வகை எனப்படும் மிக உயர்ந்த பிரிவில்தான் வைத்திருக்கின்றன. நிலம் அதிர்ந்தாலும் சுவர் விழக்கூடாது என்று நாம் கருதுகிற கட்டடத்தில், நோய் பரவினாலும் ஆள் குறையக்கூடாது என்று கருதுவது மிகையாகாது.

கேள்வி: என் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஆம்புலன்ஸ் நிலையத்தை எடுத்திருக்கிறேன். சிவப்பு (அசுத்தம்), மஞ்சள் (இடைநிலை), பச்சை (சுத்தம்) என மூன்று மண்டலங்களாகப் பிரித்தேன். ஆனால் வழிகாட்டி ஆசிரியர், "வரைபடத்தில் நிறம் பூசினால் போதாது" என்கிறார். நான் எங்கே தவறுகிறேன்? (கட்டடக்கலை மாணவி)

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் மண்டலங்களைப் பிரிப்பது எளிது, அவற்றுக்கிடையே ஆட்கள் நடக்கும் பாதையை அமைப்பதுதான் கடினம். இந்தக் கட்டடத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பயணங்கள் உள்ளன. அழைப்பு வந்தவுடன் ஓய்வறையிலிருந்து வண்டிக்குச் செல்லும் பாதையில் ஒவ்வொரு நொடியும் கணக்கு; அது நேராகவும் நீளம் குறைந்ததாகவும் திருப்பமில்லாமலும் இருக்க வேண்டும். பணி முடிந்து வண்டியிலிருந்து ஓய்வறைக்குத் திரும்பும் பாதையோ மெதுவானதாக, துப்புரவுப் படிகள் ஒவ்வொன்றையும் கடந்தே தீர வேண்டியதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கதவை வைத்தால், வெளியே ஓடுவதற்காகத் திறந்த குறுக்குவழி உள்ளே வருவதற்கும் பயன்பட்டுவிடும். களைத்துப் போனவர்கள் குறுகிய வழியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், எந்த அறிவிப்புப் பலகையும் அதைத் தடுக்காது. ஆகவே வெளியேறும் கதவு உள்ளிருந்து மட்டும் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே வரும் கதவு கவச உடை கழற்றும் அறைக்குள் மட்டுமே கொண்டுபோய் விடட்டும்.

அந்தக் கழற்றும் அறைக்குத்தான் உங்கள் வரைபடத்தில் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். உடையை அணியும்போது அது சுத்தமாக இருக்கிறது, கழற்றும்போதோ அதன் வெளிப்புறம் முழுவதும் அசுத்தம். கை தவறி முகத்தில் படும் ஆபத்து அப்போதுதான் மிகுதி. ஒருவர் கழற்ற மற்றவர் எதிரே நின்று கவனிக்க இடம் வேண்டும். ஆளுயரக் கண்ணாடி வேண்டும். கையால் தொடாமல் திறக்கும் குழாய் வேண்டும். குறுக்கே ஓர் இருக்கைத் திண்ணை போட்டு, அசுத்தமான காலணியை இந்தப் பக்கம் விட்டுவிட்டுக் கால்களை மறுபக்கம் திருப்பி எழும் ஏற்பாடு வேண்டும். கழிவுப் பைகள் வந்த வழியே திரும்பாமல் வெளிப்புறக் கதவின் வழியாக அகற்றப்பட வேண்டும். அடுத்தது குளியலறை, அதை ஒட்டிச் சுத்தமான உடைகளின் அலமாரி, பிறகுதான் பச்சை மண்டலம். சீருடையைத் துவைக்கும் இடம் நிலையத்திலேயே இருந்தால், அதை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியிராது.

இதற்கு முன்மாதிரி வேண்டுமானால் மருத்துவமனைகளைவிடத் தீயணைப்பு நிலையங்களைப் பாருங்கள். தீயணைப்புப் பணியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பணிச்சூழல் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, கரி படிந்த உடையோடு ஓய்வறைக்குள் நுழைய முடியாதபடி அந்நிலையங்களை வடிவமைக்கும் வழக்கம் பரவத் தொடங்கியிருந்தது. கிருமி என்ற இடத்தில் கரி என்று வைத்துப் பார்த்தால், இரண்டு கட்டடங்களின் சிக்கலும் ஏறக்குறைய ஒன்றே.

வண்டிக் கொட்டகையையும் மறந்துவிடாதீர்கள். வண்டி ஒரு பக்கம் நுழைந்து, கழுவப்பட்டு, மருந்தும் கருவிகளும் நிரப்பப்பட்டு, மறுபக்கம் வெளியேறும் ஊடுவழி அமைப்பே சிறந்தது. அதற்கு மனையில் நீளம் வேண்டும். அது இல்லாத இடத்தில் கழுவுமிடத்தையாவது தனியே பிரித்துவிடுங்கள். டீசல் புகையை அதே முகமை 2012-இலேயே முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானதாக, அறிவித்திருக்கிறது என்பதால், கொட்டகைக்கும் வசிப்பிடத்துக்கும் நடுவே இரண்டு கதவுகள் கொண்ட சிறு இடைவழி தேவை. கொட்டகையின் காற்றழுத்தம் வசிப்பிடத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால், கதவைத் திறக்கும்போது காற்று உள்ளிருந்து கொட்டகை நோக்கிச் செல்லும். புகையும் கிருமியும் எதிர்த்திசையில் வராது. நோய் இல்லாத நாட்களிலும் பயன்தரும் இத்தகைய ஏற்பாடுகளே பெருந்தொற்றுத் தயாரிப்பில் முதலிடம் பெற வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: வெளிக்காற்றை நிறைய உள்ளே கொண்டுவந்தால் குளிரூட்டவும் வெப்பமூட்டவும் மின்சாரம் கூடும், குறைத்தால் தொற்று பரவும். பசுமைக் கட்டடம், பெருந்தொற்றுக் கட்டடம் இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லையா? (கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்)

பதில்: ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இயங்கும் காற்றோட்டத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் வெட்டத்தான் செய்கிறது. இரண்டு நிலைகளில் இயங்கும்படி அமைத்துவிட்டால் வெட்டாது. ஆஷ்ரே என்ற குளிர்பதனப் பொறியாளர் சங்கம் 2023-இல் வெளியிட்ட 241-ஆம் தரநிலையின் அடிப்படையே இதுதான். தொற்று அபாயம் உள்ள காலத்துக்கென்று தனி இயக்கநிலை ஒன்றை அது வகுக்கிறது. அந்நிலையில் தேவைப்படும் தூய காற்று முழுவதும் வெளியிலிருந்தே வர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை, வடிகட்டிய உட்காற்றையும் கிருமிநீக்கம் செய்த காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட ஓய்வறையின் கொள்ளளவு 90 கன மீட்டர். எட்டுப் பேர் இருக்கும் அறைக்கு, ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவின்படி வெளிக்காற்று தந்தால், மணிக்கு 288 கன மீட்டர் ஆகிறது. அதாவது அறைக் காற்று மணிக்குச் சுமார் 3.2 முறை மாறுகிறது. காற்று முழுதும் சீராகக் கலப்பதாகக் கொண்டால், மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு நீங்க ஏறத்தாழ 86 நிமிடம் பிடிக்கும். அதே அறையில் வடிகட்டி இயந்திரம் ஒன்றை வைத்து மணிக்கு இன்னும் 252 கன மீட்டர் தூய காற்றைச் சேர்த்தால் காற்றுமாற்றம் 6 முறையாகிறது, நேரமும் 46 நிமிடமாகக் குறைகிறது. இந்தக் கூடுதல் காற்று ஏற்கெனவே குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ இருப்பதால் அதைப் பதப்படுத்த மீண்டும் மின்சாரம் தேவையில்லை. மின்விசிறிக்கான செலவு மட்டுமே. கழற்றும் அறையில் மட்டும், மருத்துவமனைத் தனிமை அறைகளுக்குச் சொல்லப்படும் 12 முறையை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 23 நிமிடம் போதும். அறையும் சிறியது என்பதால் செலவு பெரிதாகாது.

சேமிப்பு இன்னொரு வகையிலும் கிடைக்கிறது. மின்விசிறி இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே மின்செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெருந்தொற்றுக் காலத்துக்கென்று பெரிய குழாய்களையும் விசிறிகளையும் பொருத்திவிட்டு, சாதாரண நாட்களில் அவற்றை மெதுவாக ஓட்டினால், அளவெடுத்துப் பொருத்திய சிறிய அமைப்பைவிடவும் அவை குறைவாகவே மின்சாரம் குடிக்கக்கூடும். தயாரிப்புச் செலவு என்று நாம் எழுதிவைப்பது இங்கே மின்கட்டணத்தில் திரும்பி வருகிறது.

வெளியேறும் காற்றின் வெப்பத்தையோ குளிர்ச்சியையோ வெப்பப் பரிமாற்றியின் மூலம் மீட்டெடுப்பதையும் பரிந்துரைக்கிறேன், ஒரேயொரு எச்சரிக்கையுடன். சுழல்சக்கர வகையில் வெளியேறும் காற்றின் ஒரு சிறு பகுதி உள்வரும் காற்றோடு கலந்துவிடும். எனவே கழற்றும் அறைக்கும் கழிப்பறைக்கும் காற்றோட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காத தகட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். ஓய்வறையில், நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் அளவி ஒன்றையும் மாட்டுங்கள். 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அளவைத் தாண்டாதவரை வெளிக்காற்று ஓரளவு நன்றாகவே வருகிறது என்று கொள்ளலாம். ஆனால் வடிகட்டி கிருமியைப் பிடிக்குமே தவிரக் கரியமில வாயுவைப் பிடிக்காது. ஆகவே வடிகட்டி ஓடும் அறையில் அளவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து ஆபத்தைக் கணித்துவிட முடியாது.

கேள்வி: நிலைய வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்க வழி அமைக்க ஒரு நிறுவனம் முன்வந்துள்ளது. ஏற்கலாமா? (நிலையப் பொறுப்பாளர்)

பதில்: வேண்டாம். மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிப்பதை எந்தச் சூழலிலும் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் கேடு, நோயாளியின் மூச்சிலிருந்து வெளிவரும் கிருமிக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. ஓசோன் உமிழும் கருவிகளையும் ஆட்கள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் திறக்கக்கூடிய சன்னல்கள் வாங்கலாம்.

கேள்வி: இரவு முழுவதும் ஓடிவிட்டு வந்து படுக்கிற எங்களுக்குக் கட்டடம் பசுமையாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எங்களைக் கேட்டு யாரும் எதையும் கட்டுவதில்லை. (பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரியும் பாராமெடிக்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. கூரையில் சோலார் பலகை பதித்த கட்டடங்களின் படங்கள் வெளியாகின்றன. அவற்றின் ஓய்வறைகளைப் படமெடுப்பவர்கள் குறைவு. உடலின் நாளோட்டத்தைக் குலைக்கும் இரவுப்பணியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் 2007-இல் சேர்த்து 2019-இலும் அதை உறுதிசெய்திருக்கிறது. இரவுப்பணியை ஒழிக்கக் கட்டடத்தால் முடியாது, ஆனால் இடையில் கிடைக்கும் உறக்கத்தைக் காக்க முடியும்.

பத்துக் கட்டில் போட்ட ஒரே கூடத்துக்குப் பதிலாக, ஒருவர் அல்லது ஒரே வண்டியில் செல்லும் இருவர் தங்கும் சிறு அறைகளைக் கேளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனிக் காற்றோட்டமும் முழு இருட்டு தரும் திரையும் இருக்கட்டும். சாதாரண நாளில் அது நிம்மதியான உறக்கம், தொற்றுக் காலத்தில் ஒருவரின் நோய் எல்லாரையும் தொற்றாதிருக்கும் ஏற்பாடு. அழைப்பு மணி எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் அலறாமல், அழைக்கப்பட்ட குழுவின் அறையில் மட்டும், மெல்லத் தொடங்கி உயரும் ஒலியாக அமைய வேண்டும்; சில தீயணைப்பு நிலையங்களில் இத்தகைய மணி ஏற்கெனவே உண்டு.

கூரை போட்டுப் பக்கங்கள் திறந்த வெளித்திண்ணை ஒன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். உணவு மேசையை அங்கே போட்டுவிட்டால், எந்த இயந்திரமும் தர முடியாத காற்றோட்டம் செலவின்றிக் கிடைக்கிறது. ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் திரும்பியவர் யாருடைய கண்ணிலும் படாமல் சிறிது நேரம் உட்கார, கதவு மூடும் சிறிய அறை ஒன்றும் வேண்டும். அதைச் சேமிப்பறையாக மாற்றிவிடாமல் காப்பதற்கு நிர்வாகத்தோடு நீங்கள் ஓயாமல் வாதாட வேண்டியிருக்கும். வரைபடம் தொடங்குவதற்கு முன்பே வடிவமைப்பாளரை ஓர் இரவு ஷிஃப்ட் முழுவதும் நிலையத்தில் தங்க வைக்கும்படி உங்கள் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: பழைய கிடங்கு ஒன்றை மாற்றியமைப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? (திட்டக்குழு உறுப்பினர்)

பதில்: நிலையத்தின் இருப்பிடம் அழைப்புகள் வரும் பகுதிக்குப் பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள்; அது பொருந்தாவிட்டால் மற்றவை வீண். பொருந்தினால் என் சார்பு பழைய கட்டடத்தின் பக்கம். உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏழெட்டு விழுக்காடு சிமென்ட் உற்பத்தியால் மட்டுமே வருகிறது. நல்ல நிலையில் உள்ள அடித்தளத்தையும் தூண்களையும் இடித்துவிட்டுப் புதிய கான்கிரீட் ஊற்றிய கட்டடம், எவ்வளவு மின்சாரம் சேமித்தாலும் அந்த உமிழ்வுக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். கிடங்குகளுக்கு உயரமான கூரையும் தூண்களுக்கிடையே அகன்ற இடைவெளியும் இருப்பது வண்டிக் கொட்டகைக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் தூண்களும் கூரையும் மேலே சொன்ன நான்காம் வகைக்கு ஈடான வலிமை பெறுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சோதித்த பிறகே முடிவெடுங்கள். கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பு சேர்ப்பதையும் மதிப்பீட்டில் விட்டுவிடாதீர்கள்.

புதிதோ பழையதோ, உட்சுவர்கள் பாரம் தாங்காதவையாக இருக்கட்டும். பயிற்சிக் கூடத்தின் தரைக்கடியில் மூடிவைத்த வடிகால் இணைப்பும் சுவரில் கூடுதல் மின்குழாயும் விட்டுவைத்தால், நெருக்கடியில் அதைச் சில நாட்களில் இரண்டாவது கழற்றும் அறையாக மாற்றிவிடலாம். முகக்கவசங்களுக்கும் கையுறைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால் சேமிப்பறையில் பழையது முன்னே வரும்படி இருபுறமும் திறக்கும் அடுக்குகளைப் போடுங்கள்.

கேள்வி: மின்சார ஆம்புலன்ஸ்களுக்கு மாறும்போது கூரைச் சோலாரே மின்னேற்றத்துக்குப் போதுமா? (வாசகர் பலர்)

பதில்: பெரும்பாலும் போதாது. 200 சதுர மீட்டர் கூரையில் ஏறத்தாழ 40 கிலோவாட் பலகைகள் பதிக்கலாம். நல்ல வெயில் உள்ள இடத்தில் நாளொன்றுக்குச் சுமார் 160 யூனிட் கிடைக்கும். 100 யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள வண்டி என்றால் இரண்டு முழு மின்னேற்றத்துக்குக்கூட அது வராது, கட்டடத்தின் சொந்தத் தேவையோ தனி. எனவே சோலாரைக் கட்டடத்துக்கும் நிலைய பேட்டரிக்கும் ஒதுக்கிவிட்டு, வண்டிகளுக்கு மின்வாரிய இணைப்பைத் தொடக்கத்திலேயே பெரிதாகக் கேட்டு வாங்குங்கள். டீசல் வண்டிகள் இருக்கும்வரையிலும், நிற்கும் இடத்தில் மின்சாரம் தரும் செருகி இருந்தால், மருந்துக் குளிர்பெட்டிக்காக எஞ்சினை ஓடவிட வேண்டியதில்லை.

மின்தடையில் எவை நிற்கக்கூடாது என்ற பட்டியலை முதலில் எழுதுங்கள்: தகவல் தொடர்பு, 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்துகளின் குளிர்பெட்டி, கழற்றும் அறையின் விசிறி, குறைந்தது ஒரு மின்னேற்றி. கொட்டகைக் கதவு கையாலும் திறக்க வேண்டும். ஜெனரேட்டரின் புகைபோக்கி, வெளிக்காற்று உள்ளே நுழையும் வாயிலிலிருந்து தள்ளி இருக்கிறதா என்பதை வரைபடத்தில் மட்டுமன்றிக் கட்டிய பிறகும் நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மழைநீரைச் சேமித்து வண்டி கழுவலாமா? (நிலையப் பொறுப்பாளர்)

பதில்: கழுவலாம், ஆனால் வடிகட்டிக் கிருமிநீக்கம் செய்த பிறகே. அழுத்தத்தோடு பீய்ச்சும்போது நீர் நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கும். தேங்கிய நீரில் வளரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அத்துளிகளோடு நுரையீரலுக்குள் சென்றால் கடுமையான நிமோனியா வரக்கூடும். இதே ஆபத்து, பெருந்தொற்றுக்கென்று கட்டிவிட்டுப் பிறகு யாரும் பயன்படுத்தாத குளியலறைக் குழாய்களிலும் உண்டு. வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைத்திருங்கள். பயன்படாத குழாய்களை வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் திறந்துவிட வேண்டும். அது எந்த ஷிஃப்டின் பொறுப்பு என்பதைப் பணிப்பட்டியலில் எழுதிவிடுங்கள்.